பெரிய வளைவில் கட்டான பேச்சு

கரியாலூர்
3.2.2025

என்னங்க,

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்க மனசு வரவில்லை. உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. போனை எடுப்பதில்லை என்று குறைப்படுகிறீர்கள். அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

தர்ஷினி போய் நாற்பத்திரண்டு நாள். நீங்கள் காரியத்துக்கு வந்தபோதும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அன்று காய்ச்சலில் வலிப்பு வந்து தூக்கிப்போட்டவளை ஜீப்பில் மடியில் வைத்து மலை இறங்கினோம். நினைவு வந்ததும் "அப்பா கூட பேசணும்" என்றாள். உங்களுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். "இன்னாடா கண்ணு" என்றீர்கள். அதோடு சரி. மலைப்பாதையின் பெரிய வளைவில் பேச்சு கட்டாகிவிட்டது.

"தோ, அப்பா திரும்பப் போடுவாரு" என்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பிடுங்கி நானே போட எனக்கு மனசு வரவில்லை. கச்சிராயபாளையம் வருவதற்குள் எல்லாம் முடிந்தது.

போன் கம்பெனியில் ஊருக்கெல்லாம் பேச்சு அறுந்துபோகாமல் பார்க்கிற வேலை என்று பீற்றிக்கொள்வீர்களே. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒருதரம் திரும்பக் கூப்பிட முடியவில்லையா?

மலர்விழி


சென்னை
11.2.2025

மலருக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். போட்டவர்தான் திரும்பப் போடணும், ரெண்டு பேரும் போட்டால் பிஸி என்று வரும் என்று கல்யாணமான புதிதில் நீதான் சொன்னாய். ஏழு வருஷமாக அப்படித்தானே இருந்தோம்? காய்ச்சல் என்று தெரியும். இவ்வளவு என்று சத்தியமாகத் தெரியாது. கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் அண்ணன்தான் கூப்பிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய வளைவு என்று நீ எழுதியதைப் படித்ததும் ஆபீசில் பழைய பதிவுகளைத் திறந்தேன். அங்கே மேல் டவரின் 4ஜி சிக்னல் கம்மியாகிவிடும். அந்த டவர் பேச்சைக் கீழேயுள்ள பழைய 2ஜி டவர் கையில் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒவ்வொரு டவருக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இல்லாவிட்டால், பழைய டவர் பக்கத்திலேயே நின்றாலும் பேச்சு கட்டாகிவிடும்.

பழைய டவரை ஜனவரியில் மூடப்போவதாகத் தகவல் வந்தது. அப்புறம் மறந்துவிடுவேன் என்று டிசம்பர் பத்தொன்பதிலேயே அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நான்தான் மலர், வேறு யாருமில்லை. நாலே நாளில் உன் ஜீப் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. டவரை இன்றைக்கும் மூடவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். உன்னிடம் மறைத்துவிட்டு எப்படிச் சோறு தின்பேன்? நேற்று அந்தப் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். நான் அங்கே வரட்டுமா?

உன் செழியன்


கரியாலூர்
2.3.2025

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வழக்கத்தை வைத்த பாவி நான். பெயரை எடுத்தது நீங்கள். நடுவில் என் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

போன வாரம் சங்கராபுரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் புருஷனோடு பேசிக்கொண்டு வந்தாள். "இன்னாய்யா, இட்லி துன்னியா? கொழந்த இன்னா பண்ணிக்கினு கீறா?" என்று ஒரே சிரிப்பு. பெரிய வளைவு வரும்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கட்டாகவில்லைங்க. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே மலை இறங்கினாள். அவள் நல்லா இருக்கட்டும். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

உங்கள்மேல் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் "இன்னாடா கண்ணு" என்பதுதான் எனக்குக் கேட்கும். அதை வைத்துக்கொண்டு உங்களோடு குடும்பம் நடத்த என்னால் ஆகாது.

வராதீர்கள், எழுதாதீர்கள், போனும் வேண்டாம். அன்றைக்குப் போட்டது நான். நம் வழக்கப்படி திரும்பப் போடவேண்டியவளும் நான்தான்.

போடுவேன் என்று காத்திருக்காதீர்கள்.

தர்ஷினியின் அம்மா
மலர்விழி