நன்றிப் பூசை

ஞாயிறு, இரவு

ஒரு பாடத்தில் தவறினாலும் உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்பது அறக்கட்டளையின் விதி. போன செமஸ்டரில் கணக்கில் தவறியதை அவர்களிடம் மறைத்துவிட்டேன். இந்த முறை எழுதித் தேறியும் விட்டேன். அம்மாவுக்கு அரியர் தெரியும், விதி தெரியாது.

இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. கோயில் நிறைய ஆட்கள். பூசை தொடங்குமுன் ஃபாதர் மைக்கில் வாசித்தார்: "ரோசி கணக்குப் பாட அரியரில் தேறியதற்கு நன்றியாக, அவள் தாயார் ஒப்புக்கொடுக்கும் பூசை."

முன்பெஞ்சில் இருந்த அறக்கட்டளைச் செயலாளர் மெதுவாகத் திரும்பினார்.

அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா, சாரு உன்னத்தான் தேடுதாரு. எந்திச்சி நில்லு."

எழுந்து நின்றேன்.