அம்மா தலையில் இருந்தது பஞ்சு

என் அம்மாவுக்கு,

மில் சங்கு ஊதினால் எழுந்து ஓடும் பழக்கம் போய்ச் சேர்ந்த இடத்திலாவது விட்டதா? விட்டிருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து கேள். எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன்னைச் சுவரில் வரைந்திருக்கிறார்கள். மிஷன் வீதியில், நான் சமையல் வேலைக்குப் போகிற கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பும் முனையில், ஒரு மாடி உயரத்துக்கு நீ. முதல் நாள் பார்த்ததும் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டுப் போனார். புருவத்துத் தழும்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து, யாரையோ கேலி செய்யப் போகிற மாதிரி அந்த வாய். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அதே போட்டோதான். அப்பா போய்ச் சில வருஷம் கழித்து, நீ ஷிப்ட் முடிந்து மில் கேட்டை விட்டு வெளியே வரும்போது ஒரு வெள்ளைக்காரர் எடுத்து, பிறகு நமக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாரே, அது. எப்படியோ ஊர் சுற்றி இந்தச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறாயா? இரு. உன் கையில் இருந்த தூக்குச்சட்டி சுவரில் பூக்கூடை ஆகிவிட்டது. தலைமுடி முழுக்க ஒட்டியிருந்த பஞ்சு மல்லிகைப்பூ ஆகிவிட்டது. கீழே ஒரு பலகை: புதுச்சேரிப் பூக்காரி. காலமெல்லாம் ரீலிங் பிரிவில் நின்று நூல் சுற்றியவள் நீ, ஒரு முழம் பூ விற்றதில்லை. பூ விற்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை, அம்மா. ஆனால் நீ செய்யாத வேலையை உன் தலையில் கட்ட இவர்கள் யார்?

காலையில் நான் போகிற நேரத்துக்குத்தான், பழைய கட்டடங்களை நடந்து பார்க்கிற ஹெரிடேஜ் வாக் கூட்டமும் வருகிறது. கூட்டிக்கொண்டு வருகிற கைடுக்கு அந்த வீதியில் ஒவ்வொரு தூணும் அத்துப்படி. மாதாகோயில் எப்போது கட்டியது, ஜன்னல் ஏன் அவ்வளவு உயரம், சுவருக்கு ஏன் மஞ்சள் பூசினார்கள், எல்லாம் மூச்சு விடாமல் சொல்கிறான். உன் முன்னால் வந்ததும் சிரித்துக்கொண்டே ஹாப்பி ஃப்ளவர் லேடி என்றான்.

இது எங்கம்மா, மில்லில் வேலை பார்த்தவர் என்றேன். நம்பினான். நம்பியதுதான் வினையாயிற்று. என்னைச் சுவரோரம் நிறுத்திவைத்து, எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னான். எடுத்தார்கள். மில் என்ற சொல் மட்டும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்ட மில், இன்று மூடிக் கிடக்கிறது. அதன் கேட் முன்னால் எந்த ஹெரிடேஜ் வாக்கும் நிற்பதில்லை. துரைமார் குதிரை கட்டின இடம்கூடச் சரித்திரம், நீங்கள் நின்று நின்று கால் வீங்கின இடம் வெறும் புதர். ஏன் அம்மா, வெள்ளையடித்து வைத்தால்தான் சரித்திரமா?

தம்பியிடம் சொன்னேன். தவளக்குப்பத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

"உட்ருக்கா. அப்பா போனதுக்கப்புறம் அம்மா பூவே வெக்கல. செவுத்துலயாவது வெச்சிகினு இருக்கட்டும்."

அவன் அப்போது கைக்குழந்தை, அவனுக்குத் தெரியாது. அப்பா கருமாதியன்று உன் தலை நிறையப் பூ வைத்து, அத்தையே அதைப் பிடுங்கிப் போட்டாள். அடுத்த வாரம் நீ வேலைக்குப் போனாய். சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும், வழக்கம்போல முடியிலிருந்து பஞ்சைப் பொறுக்க வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இருக்கட்டும் வுடுடி. இத எடுக்கச் சொல்ல எவளுக்கும் உரிம இல்ல."

அன்றைக்குப் பஞ்சோடுதான் எங்களுக்குச் சோறு போட்டாய், பஞ்சோடுதான் படுத்தாய்.

இதை நான் சொல்லக் கேட்டதும் தம்பி சுவரை மறுபடி பார்த்தான். மறுநாள் இரண்டு பேருமாக, படம் போடச் சொன்னவர்களின் ஆபீசுக்குப் போனோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். மில் என்றால் சோகமாம், இந்த வீதிக்குச் சந்தோஷமான படங்கள்தான் வேண்டுமாம். சோகம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? போனஸ் வந்த அன்று நீங்களெல்லாம் கூட்டமாகச் சினிமாவுக்குப் போய் விசிலடித்ததை இவர்கள் பார்த்தார்களா?

வரைந்தவனையும் தேடிப் பிடித்தேன். பக்கத்து வீதியில் சாரத்தில் ஏறி நின்று மீன் வரைந்துகொண்டிருந்தான். போனில் நம் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெள்ளை வெள்ளையாக இருந்ததால் பூ என்று நினைத்துவிட்டானாம். கடலோரக் காலாப்பட்டில் வளர்ந்தவன், மில்லில் பஞ்சு பறக்கும், அது ஆள் தலையில் ஒட்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஆபீசில் சரி என்றால் ஒரே நாளில் மாற்றித் தருகிறேன் என்றான். அவர்கள் சரி என்பது எப்போது?

அதுவரை சும்மா இருக்க நான் என்ன ஊமையா? இன்று காலை கைடு வாயைத் திறக்கும் முன்னே நான் ஆரம்பித்துவிட்டேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். மை மதர், மில், காட்டன் என்று தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரு அம்மாள் மீதியை எடுத்துச் சொன்னார். இன்றைக்கு ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. கைடு பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அந்த மில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். வழி சொன்னேன்.

அம்மா, உன் மேல் ஆணை. சுவரில் அந்தப் பூ பஞ்சாகிற வரைக்கும், பலகையில் ரீலிங் அஞ்சலை என்று உன் பெயர் ஏறுகிற வரைக்கும், தினமும் அங்கே நின்று சத்தம் போடுவேன். வேலைக்கு லேட்டானால் ஆகட்டும். அன்றைக்கு நான் பஞ்சை எடுக்க வந்தபோதே நீ விடவில்லை. இன்றைக்கு இவர்கள் எடுக்க நான் விடுவேனா?

உன் முடியில் பஞ்சு பொறுக்கிய மூத்த மகள்,
செல்வி