நீ போட மறுத்த கையெழுத்து

இன்று காலை ஜொகூர் பாரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கணினிக் கூடத்தில் வயர்கள் வைக்கும் அலமாரியைத் திறந்தேன். தைல வாசனை முகத்தில் அடித்தது. வயர்களுக்கு அடியில் உன் சாம்பல் நிற ஸ்வெட்டர் சுருண்டு கிடந்தது. "இது யாரோடது மேடம்?" என்று ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் உன்னைத் தெரியாத ஒரு வகுப்பே வந்துவிட்டது.

இந்தக் கூடத்தின் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாய். தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பறையில் கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் சொல்லிக்கொடுப்பேன். தமிழை எப்படிக் கற்பிப்பது என்பது உன் பாடம். படிக்கும் காலத்திலிருந்தே நாம் தோழிகள். ஆனாலும் என் வகுப்பில் உட்கார்ந்து என்னையே குறுக்குக் கேள்வி கேட்பாய். அது எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே கேட்பாய்.

ரெஜினா விஷயத்தில்தான் நாம் உண்மையாகவே மோதிக்கொண்டோம்.

மெர்சிங் கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்துப் பெண் அவள். என் மாணவிகளில் அவளைப் போலக் கணினி கைவந்தவள் இல்லை. அவளுடைய கடைசி பிராக்டிக்கம், அதாவது பள்ளியில் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சி, சிகாமட் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில். நாம் இருவரும்தான் மதிப்பீட்டாளர்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் ஆசிரியர் வேலையே கிடையாது.

அன்று இரண்டாம் ஆண்டு படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிய பாடம். எல்.சி.டி. திரையில் யானை நடந்தது, குரங்கு தாவியது, சரியான விடை வந்தபோதெல்லாம் மணி அடித்தது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பக்கம் திரும்பினேன். நீ திரையைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் கைதட்டவில்லை, வாய் திறக்கவில்லை, மேசையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும், "நான் கையெழுத்துப் போடல" என்றாய்.

"என்னடி சொல்ற? இதைவிட நல்ல பாடம் யாரு நடத்திருக்கா?"

"பாடத்தை யாரு நடத்துனா? கம்ப்யூட்டர் நடத்துச்சு. அவ பட்டனை அமுக்குனா. பிள்ளைங்க படம் பார்த்துச்சுங்க. ஒரு பிள்ளையாவது ஒரு எழுத்தைத் தட்டுச்சா, சொல்லு?"

"அலமாக்!" என்று மலாயில் சலித்துக்கொண்டேன். "உனக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாது. அதான் விஷயம்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.  வழியில் யோங் பெங்கில் சாப்பிடுவதற்காக நிறுத்தியபோதும் நீ ஒரு மேசையில் உட்கார்ந்தாய், நான் இன்னொரு மேசையில் உட்கார்ந்தேன். ஜொகூர் பாருவில் உன்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "நாளைக்கு அவகிட்ட நானே சொல்றேன்" என்றாய். நான் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் ரெஜினாவை இதே கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னாய். அவள் முகம் வெளுத்துவிட்டது. முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு உன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா தூங்காம செஞ்சேன் மேடம். அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, மக டீச்சர் ஆயிட்டான்னு. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"கடைசி வரிசையில மூலையில ஒரு பொண்ணு இருந்துச்சே, அது பேரு என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். "இப்படியா கேப்பாங்க?" என்று நான் உன்னிடம் கத்தினேன். உன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது கோபம் என்று நினைத்தேன். நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது முறை போனபோது மழைக்காலம். வழியெல்லாம் மழை. ரெஜினா நம் இருவருக்கும் வணக்கம் மட்டும் சொன்னாள். இந்த முறை எல்.சி.டி. இல்லை. பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக் கணினி அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே பாதிக் கணினிகள்தான் வேலை செய்தன. ஒரு கணினிக்கு மூன்று பேராக உட்காரவைத்தாள். ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் தட்ட வேண்டும், ஒருவர் பிழை பார்க்க வேண்டும். 'இன்று காலை நான் பார்த்தது' என்று ஆளுக்கொரு வாக்கியம். ஒரே சத்தம். ஒரு பையன் 'ழ' எங்கே என்று அழவே தொடங்கிவிட்டான். பாடம் கையை விட்டுப் போகிறது என்று நினைத்தேன். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த மூலைப் பெண்ணின் பெயர் தர்ஷினி. ரெஜினா அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "உன் முறைடா, நீயே தட்டு" என்றாள். தர்ஷினி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். திரையில் வந்த வாக்கியத்தை நாம் பின்னாலிருந்தே படித்தோம்.

ஆத்துல தண்ணி ஏறுது.

"எங்கே பார்த்த?" என்று ரெஜினா கேட்டாள்.

"எங்க வீட்டுப் படி வரைக்கும் வந்துருச்சு டீச்சர்."

அந்த வகுப்பில் அவள் குரலை நாம் கேட்டது அதுதான் முதல் முறை.

ரெஜினா எழுந்தாள். நம்மைப் பார்த்தாள். பாடம் பாதிதான் முடிந்திருந்தது. முழுதாக முடிக்காத பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். 'இன்னும் கொஞ்ச நேரம்தானே, முடித்துவிடு' என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "பிள்ளைங்களா, பையை எடுத்துக்கிட்டு வரிசையா நில்லுங்க. மேல போறோம்" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. ஒரு பையனைத் தலைமையாசிரியையிடம் அனுப்பினாள். எண்ணிப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை மாடிக்கு ஏற்றினாள். தர்ஷினியின் கையை மட்டும் விடவே இல்லை.

தலைமையாசிரியை ஓடி வந்து பார்த்தபோது திடலின் ஓரத்தில் தண்ணீர் மினுங்கியது. பெற்றோருக்குச் செய்தி போனது. நீ ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, "பார்த்துக்கிட்டு நிக்காதடி, அந்தப் பக்கம் பிடி" என்றாய். நாமும் ஆசிரியர்களும் கணினிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். நீ மூச்சு வாங்க வாங்கத் தூக்கினாய். கடைசிப் பிள்ளையாகத் தர்ஷினியை அவள் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனபோது, நாம் பாடம் பார்த்த அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

ரெஜினா மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். காலணியெல்லாம் சேறு. "எனக்கு வேலை போச்சுல்ல மேடம்?" என்று உன்னிடம்தான் கேட்டாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

மறுநாள் கல்லூரியில் நீ அவளுக்குத் தேர்ச்சி கேட்டபோது துறைத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாடம் முடியவில்லை, விதி விதிதான் என்றார். "முதல்ல வேணாம்னு சொன்னதே நீங்கதானே?" என்று உன்னையே மடக்கினார்.

"ஆமா சார். அன்னிக்கு அவ திரையப் பார்த்துக்கிட்டு நின்னா. நேத்து ஒரு பிள்ளை தட்டுனதைப் படிச்சா. படிச்சதை நம்புனா. கம்ப்யூட்டரை வச்சு வகுப்புல வேற என்ன சாதிக்கணும்? விதிப்படி முழுப் பாடம் வேணும்னா இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க. ஆனா தவறிட்டான்னு எழுதாதீங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெள்ளம் வடிந்த பிறகு மூன்றாவது முறை போக அனுமதி கிடைத்தது. நீ அதற்குள் மருத்துவமனையில் இருந்தாய். உனக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். ரெஜினா தேர்ச்சி பெற்ற செய்தியை உன் கட்டிலருகே நின்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய். "நீயும் அவளும் என்னை ரொம்பத் திட்டிருப்பீங்க" என்றாய். ஆமாம் என்றேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது என்னோடு மதிப்பீட்டுக்கு வருபவர் இளைஞர். நல்லவர், மரியாதையானவர். நான் போடும் மதிப்பெண்ணையே அவரும் போடுகிறார். நான் கையெழுத்துப் போட்டதும் அவரும் போட்டுவிடுகிறார். பயணமெல்லாம் சுமுகமாகப் போகிறது. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

இன்றும் ஒரு பாடம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினோம். தாள்களைப் பைக்குள் வைக்கப் போனவரைத் தடுத்தேன்.

"நான் போட்ட மார்க் தப்புன்னு ஏதாவது சொல்லுங்க."

அவர் திகைத்தார். "ஏன் மேடம்? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று காரைக் கிளப்பினேன். "ஜொகூர் பாரு போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு."