சுதனுக்குப் போட்ட அறுபத்தைந்து

16 ஜூன் 1991, ஞாயிறு

சுதனைக் கவுண்டி கிரிக்கெட்டின் இரண்டாம் அணிக்கு எடுக்கவில்லை. காரணம் நான்தான்.

லண்டனில் எங்கள் லூயிஷாம் கழகத்தில் அவனளவு வேகமாகப் பந்து வீச யாருமில்லை. இரண்டு வருடமாக நடுவராக நின்று பார்த்தவன் என்பதால், கவுண்டி அணியைத் தெரிவு செய்பவர் என்னிடம் அவனுக்கு நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டிருந்தார். அறுபத்தைந்து போட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக முப்பது வருடம் கட்டுரை திருத்தியபோதும் எழுபதைத் தாண்டியதில்லை. பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம். பின்னாளில் பேராசிரியரான பிள்ளைக்கே அறுபத்தெட்டுத்தான். மற்றக் கழகங்கள் தங்கள் பையன்களுக்குத் தொண்ணூறு போட்டனவாம்.

இன்று ஆட்டம் முடிந்ததும் சுதனிடம் உண்மையைச் சொன்னேன். குனிந்து காலில் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அறுபத்தஞ்சோ, சேர்? உங்களிட்டைப் படிச்ச எங்கடை அண்ணைக்கு நீங்கள் ஒருநாளும் அம்பது தாண்டிப் போடேல்லையாம்," என்று சிரித்தான். "அப்ப நான் கெட்டிக்காரன்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவனுக்குரிய புள்ளி தொண்ணூற்றிரண்டு. அணியில் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். இனி அதை இந்த நாட்குறிப்பில்தான் எழுதலாம்.