ஆரத்தை பேங்கில் வைக்கக் கொடுக்காதே

அன்புள்ள லாவண்யா அக்காவுக்கு,

வீணா எழுதுகிறேன். உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அத்தை கண்ணில் படவே கூடாது. பிரகாஷ் மாமாவுக்கும் இப்போது வேண்டாம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் நீயே முடிவு செய். இதற்காகத்தான் ஆம்பூரில் உன் மாமியார் வீட்டுக்கு அனுப்பாமல், நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். என் வகுப்பு ஷ்ரேயா ட்யூஷன் போகும் வழியில் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

போன் செய்யலாமே என்று நினைப்பாய். நீ போனை எடுத்தாலே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். மெசேஜ் போட்டால் மாமா பார்ப்பார். இங்கே அம்மா நேற்றிலிருந்து போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே திரிகிறாள். அம்மாவும் அப்பாவும் ஹாலில் படுத்துவிட்டார்கள். நான் நம் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எமர்ஜென்சி லைட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்களுக்கு சயின்ஸில் உலோகங்கள் பாடம் நடக்கிறது. மஞ்சுளா மிஸ் நேற்று அல்சூரில் ஒரு நகைக்கடையில் வேலை செய்யும் ஒரு அக்காவை வகுப்புக்கு அழைத்து வந்தார். தங்கம் என்றால் என்ன, ஏன் அதற்கு இவ்வளவு மதிப்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்வதற்காக. அந்த அக்கா மூச்சு பட்டாலே பறந்துவிடும் தங்கத் தாளைக் காட்டினார்கள். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரே அளவில் ஒரு செம்புக் காசையும் ஒரு தங்கக் காசையும் இரண்டு கையிலும் வைத்தார்கள். தங்கம் இருந்த கை தானாகத் தாழ்ந்துவிட்டது. எல்லோரும் கத்தினோம். ரொம்ப நன்றாக இருந்தது, அக்கா. அந்த நேரம் வரைக்கும் ரொம்ப நன்றாக இருந்தது.

அப்புறம் அந்த அக்கா சொன்னார்கள், தங்கத்தை எதுவும் செய்யாது, வியர்வை, சோப்பு, மழை எதுவும் அதைக் கறுக்க வைக்காது, மண்ணில் புதைத்து எடுத்தாலும் துடைத்தால் அப்படியே இருக்கும் என்று. எனக்குக் குழப்பமாகிவிட்டது. உன் கல்யாணத்துக்கு எனக்கு வாங்கிய செயினைப் போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது, வியர்வை படக்கூடாது, சென்ட் அடிக்கக் கூடாது என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். உனக்கும்தான் சொன்னாள். நீ கிளம்பும்போது வேன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, ஆரத்தைக் கழற்றி வச்சிட்டு குளி, பஞ்சுல சுத்தி வை என்று சொன்னாளே. தங்கம் அவ்வளவு உசத்தி, அதனால் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? அந்தச் செயினை பீரோவிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தங்கம் பற்றிப் பாடம், என்னிடமும் தங்கம் இருக்கிறது என்று காட்ட ஆசை. யாராவது தங்கம், பங்காரா போட்டிருக்கீங்களா என்று மிஸ் கேட்டதும் நான்தான் முதலில் எழுந்து ஓடினேன். நிருபமாவும் வந்தாள், அவள் காதில் இருந்த பொட்டுக் கம்மலோடு.

அந்த அக்கா கறுப்பு உரைகல்லில் என் செயினை வைத்துத் தேய்த்தார்கள். மஞ்சளாகத்தான் கோடு விழுந்தது. அதன் மேல் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு ஆசிட் வைத்தார்கள். தங்கமாக இருந்தால் கோடு அசையாமல் நிற்கும் என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தார்கள். கோடு பச்சையாக நுரைத்தது. அப்புறம் காணாமல் போய்விட்டது. கல் வெறும் கறுப்பாக இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன், எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று.

பின்னாலிருந்து ரித்விக், "ஏய் வீணா, உன் தங்கம் வாந்தி எடுக்குதுடி" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. அந்த அக்கா அவசரமாகக் கல்லைத் துடைத்துவிட்டு, "இது பழைய ஆசிட்டுப்பா, சரியா வேலை செய்யலை" என்றார்கள். ஆனால் அதே பாட்டில்தான், அக்கா. அதே ஆசிட்டை நிருபமாவின் கம்மல் கோட்டில் வைத்தார்கள். அது அப்படியே நின்றது.

மணி அடித்த பிறகு அந்த நகைக்கடை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கவரிங்மா. கவரிங் போட்டுக்கறது ஒண்ணும் தப்பில்ல, எங்க வூட்லயும் இருக்கு. வூட்ல போய் அம்மாகிட்ட பதமா கேளு, சண்டை போடாதே" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஜோகுபாளையம் வரைக்கும் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு ஒருத்திக்குத்தான் கவரிங், சின்னப் பெண் தொலைத்துவிடுவாள் என்று வாங்கியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழையும்போதுதான் நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! ஆடி முடிந்ததும் ஆரத்தை பேங்கில் வைத்து மாமா செருப்புத் தைக்கும் மெஷின் வாங்கப் போகிறார், இனிமேல் இன்னொருத்தர் யூனிட்டில் வேலை செய்ய வேண்டாம் என்று. அம்மா, "ரொம்ப சந்தோஷம்மா, நல்லபடியா செய்ங்க" என்றாள். குரலைக் கேட்டு உனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நான் முகத்தைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அணைக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். செயினை நீட்டி, இது கவரிங்காமே, பள்ளிக்கூடத்தில் உரைத்துப் பார்த்தார்கள் என்றேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "யார் யார் பார்த்தாங்க? நம்ம தெருப் பிள்ளைங்க யாராவது இருந்தாங்களா?" என்றுதான் கேட்டாள். அப்புறம் கீழே உட்கார்ந்து புடவையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் ஆரமும் கவரிங்தான். நெக்லஸும், ஒட்டியாணமும்கூட. என் செயினும் அவையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. "தாலியில மட்டும் கை வைக்கலடி, அது சத்தியமா அசல்" என்று அம்மா என் தலையில் அடித்துச் சொன்னாள்.

உன் அத்தை எதையும் வாய் விட்டுக் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பேச்சோடு பேச்சாக, எங்க பெரிய மருமக கழுத்து நிறைய வந்தா என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லையாம். கல்யாண நகையை யார் உரைத்துப் பார்க்கப் போகிறார்கள், அதுபாட்டுக்கு பீரோவில் இருக்கும், ஒவ்வொரு பண்டிகைக்கும் நீ வரும்போது பாலிஷ் போடுவதாக ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, அதே டிசைனில் அசலைச் செய்து கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் திட்டம் போட்டிருந்தார்கள். தலை தீபாவளிக்கு உன் வளையல்களைப் பாலிஷுக்கு என்று வாங்கி, ஒரு வாரம் கழித்துக் கொடுத்தாளே. பாலிஷ் போட்டா கனம் கூட கூடுமாம்மா என்று நீ கிண்டல் செய்தாய். அம்மாவும் சிரித்தாள். தாலியைத் தவிர இப்போது அந்த வளையல்கள் மட்டும்தான் அசல். அதற்குப் பிறகு தங்கம் ஏறிய வேகத்தில் அப்பாவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அடுகோடி ஒர்க்ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறாரே, எதற்கு என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் வரமகாலட்சுமி பூஜைக்கு நீ வந்திருந்தபோது உன் ஆரத்தைத்தான் கலசத்துக்குப் போட்டோம். நான்தான் கொக்கி மாட்டினேன். அம்மா கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதைப் போடுகிறோம் என்று தெரிந்தே காட்டியிருக்கிறாள்.

இது வரைக்கும் என்றால் நான் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். நீ வரும்போது அம்மாவே சொல்லட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நேற்று ராத்திரி அப்பா வந்த பிறகு ஹாலில் பேசியதைக் கேட்டுவிட்டேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

அப்பா சொன்னார், "பேங்க்காரன் இது தங்கமே இல்லன்னு சொன்னா சொல்லட்டும். நாங்க குடுத்தது அசல்தான்னு நின்னுடலாம். நம்ம வூட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாச்சு, அங்க யார் கை பட்டுச்சோ நமக்கென்ன தெரியும்?"

அம்மா, "ஐயோ, பீரோ சாவி அவகிட்டதானே இருக்குது. அவளைத்தானே கேப்பாங்க?" என்றாள்.

அப்பா எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "கேப்பாங்க. அழுவா. வேணும்னா நாலு நாள் இங்க வந்து இருப்பா. புருஷன் நல்லவன், அப்புறம் கூட்டிக்கினு போயிடுவான். நாம ஏமாத்திட்டோம்னு தெரிஞ்சா ஜன்மத்துக்கும் கூட்டிக்கினு போக மாட்டான், சரளா" என்றார். அவர் குரல் அழுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லுவாள், சொல்லுவாள் என்று நான் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. ரொம்ப நேரம் கழித்து லைட்டை அணைக்கிற சத்தம்தான் கேட்டது.

காலையில் அப்பா எப்போதும்போல எனக்கு டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்தார். பத்திரமா ரோடு தாண்டும்மா என்றார். ராத்திரி பேசிய அதே வாயால் சொல்கிறாரே என்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இவர்தான் உன்னை வேனில் ஏற்றிவிட்டு ரோட்டில் நின்று குழந்தை மாதிரி அழுதவர். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் உண்மையா? அப்படி இருக்க முடியுமா?

நான் இன்று முழுவதும் யோசித்தேன். முதலில் உனக்கு ஒரு பொய் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வருகிற வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி பூஜை. பிறந்த வீட்டில் மகாலட்சுமிக்குப் பெண்ணின் நகையைப் போடுவது எங்கள் வழக்கம் என்று உன் அத்தையிடம் சொல்லி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீ இங்கே வந்துவிடலாம். ஆரம் இங்கேயே இருந்துவிட்டால் பேங்குக்குப் போகாது. ஆனால் அப்புறம் மாமா கேட்பார். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். அம்மாவும் அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார்கள்.

அதனால் வேண்டாம். நீயே மாமாவிடம் சொல்லிவிடு, அக்கா. பேங்கில் அந்நியர்கள் முன்னால் தெரிவதற்கு முன்னால், உன் வாயால் அவருக்குத் தெரியட்டும். நீ எதையும் எடுக்கவில்லை என்று அவருக்கு முதலில் தெரிய வேண்டும். அவர் கோபப்படுவார். அவர் மெஷின் வாங்க முடியாமல் போகும். ஆனால் உன்னை அப்படிப் பார்க்க மாட்டார். வேண்டுமென்றால் அவரை மட்டும் அழைத்துக்கொண்டு இங்கே வா. பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் அவருக்கு எதிரில் நின்று சொல்கிறேன். அப்பா என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை.

அப்பாவையும் அம்மாவையும் ஒரேயடியாக வெறுத்துவிடாதே. திட்டு, சண்டை போடு, பேசாமல்கூட இரு. ஆனால் இந்த வீட்டுக்கு வராமல் இருந்துவிடாதே. அப்புறம் நான் இங்கே அவர்களோடு தனியாக எப்படி இருப்பேன்? நேற்றிலிருந்து நான் அவர்களைப் பார்ப்பது போலவே நீயும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. கதவு இடுக்கில் பார்த்திருக்கிறார் போல, வீணா, யாருக்கும்மா எழுதுறே என்று கேட்கிறார். மெதுவாகத்தான் கேட்கிறார். அக்கா, நீ மாமாவிடம்