மூன்று விரலுக்கு ஒரு பிடி

கோவில்பட்டி
16.12.1998

சோலைச்சாமிக்கு,

கிறிஸ்துமஸ் விருந்துக்கு இந்த வருசமும் அதே பன்னிரண்டு பேர்தான். சீரகச் சம்பா வாங்கியாகிவிட்டது, வாசலில் ஸ்டாரும் கட்டியாகிவிட்டது. ஆட்டுக்கு மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருசம் பந்தியில் நீ, "அண்ணாச்சி கடையில எடைக்காக மொளகா வத்தல்ல தெளிக்குத தண்ணிய இன்னைக்குக் கொழம்புலயும் தெளிச்சிட்டாவ" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எலும்புக்கறி வெட்டிய அரிவாள் என் பக்கத்தில் கிடந்தது. கழுத்துக்குத்தான் வீசினேன். நீ கையைக் கொடுத்துத் தடுத்தாய். உன் வலது கையின் இரண்டு விரல்கள் இலையில், சோற்றின் மேல் விழுந்தன. ஆஸ்பத்திரியில், "கறி வெட்டையில தவறிட்டு" என்று நீ சொன்னதால்தான் இன்று நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

வத்தலில் தண்ணீர் தெளித்தது உண்மை. பொய்யாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

உன் ஆட்டுக்கிடையிலிருந்து ஒரு கிடா கொண்டு வா. எப்போதும்போல நீதான் வெட்ட வேண்டும். அதே அரிவாளுக்கு, மூன்று விரலில் நிற்கும்படி தடித்த பிடி போட்டு வைத்திருக்கிறேன். ஆட்டின் கால்களை நான் பிடித்துக்கொள்வேன். நீ அரிவாளை ஓங்கும்போது குனிந்தே இருப்பேன். நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணாச்சி