துணிக்கு மாறிய பதினான்கு நாட்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடிக் கயிற்றைப் பால்கனியிலிருந்து ஹாலுக்கு மாற்றிக் கட்டியாயிற்று.

இன்று முதல் இனியனுக்கு டயபர் கிடையாது. துணிதான். நேற்று குழந்தை டாக்டரிடம் புண்ணைக் காட்டினோம். தொடை இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. துடைக்கப் போனாலே அலறல். "கொஞ்ச நாள் டயபரே வேணாம்மா. காத்து படட்டும். காட்டன் துணி போடுங்க" என்றார்.

ஐந்து மாதம் ஆகிறது பையனுக்கு. பிறந்த அன்று நர்ஸ் ஒன்று மாட்டிவிட்டாள். அதிலிருந்து நாள் முழுக்க டயபர்தான். உப்பினால் கழற்று, இன்னொன்று மாட்டு. வசதிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கையில் இருப்பவை:
நாடா வைத்த துணி 12
கதிரின் பழைய வேட்டி 2 (கிழித்தால் 16 தேறும்)
ரப்பர் ஷீட் 3
மூடி போட்ட வாளி 1

கதிர்: "இந்த மழையில போயா ஆரம்பிக்கணும்? இரும்புலியூர்ல ரோடே காயாது, துணி எங்கேருந்து காயும்?" சொல்லிவிட்டு, பிள்ளைக்காக அப்பாவே உட்கார்ந்து தன் வேட்டியைக் கிழித்தார். ஒன்று கோணல்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. புண் கொஞ்சம் வாடினாற்போல இருக்கிறது.

காலை ஆறிலிருந்து மாலை ஆறுக்குள் 19 துணி. எண்ணி வைத்தேன், பழக்கதோஷம், கணக்கு டீச்சர். ஒன்றுகூடப் பிழிகிற அளவுக்கு நனையவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அவ்வளவுதான். மாற்றிப் பத்து நிமிஷத்தில் மறுபடி உள்ளங்கை அகலம்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும். அதற்குள் இது பழகுமா? ஃபேனுக்குக் கீழே துணி, நாற்காலி முதுகில் துணி, டிவி மேல் துணி. வீடே ஒரு வாடை.

இடுப்பு வலி. சோப்புத் தூள் வாங்க வேண்டும். டெட்டால்.

நவம்பர் 7, வெள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை.

கஸ்தூரி பாத்திரம் கழுவ வந்தாள். நம் வீட்டில் வேலை செய்கிறவள், என் வயதுதான், இரண்டு பையன்கள் அவளுக்கு. துணி வாளியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், வாளி ரொம்பி கீது, ஒரு துணிகூட ஒயுங்கா நனையலியே?"

"அவன் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமா போவான்."

"ஆம்பளப் புள்ள ஒண்ணுக்குப் போனா நம்ம மூஞ்சில வந்து அடிக்கும் டீச்சர். எம் புள்ளைங்க ரெண்டும் செவுத்துல அடிச்சானுங்க. இவன் இன்னா, பைப்புல வாசர் போன மாரி ஒழுவிக்கினு கீறான்?"

"நீ வேலையைப் பாரு கஸ்தூரி" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை. அவள் பாத்திரத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. இந்த ஐந்து மாதத்தில் அவன் உச்சா போவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒருமுறைகூட. குளிப்பாட்டும்போது? தண்ணீரோடு தண்ணீராகப் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறேன். டயபர் உப்பியிருக்கும், போயிருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்?

மத்தியானம் ரப்பர் ஷீட்டில் வெறுமனே படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
2.10 சொட்டு
2.17 சொட்டு. முக்கினான், முகம் சிவந்தது
2.21 இரண்டு சொட்டு, அழுகை
2.34 சொட்டு
2.50 வரை பார்த்தேன். பீச்சி அடிக்கவே இல்லை.

கதிரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போல ஒரு பயம்.

நவம்பர் 8, சனி

சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். "கஸ்தூரி என்ன டாக்டரா? நீ அதைக் கேட்டுட்டு நெட்டைத் திறந்து உக்காந்திருப்ப." உண்மைதான், உட்கார்ந்திருந்தேன். படித்ததை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு அவரே ஷீட்டை விரித்துப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம். போனில் வீடியோ எடுத்தார். எடுத்து முடித்ததும் சிரிப்பு இல்லை. போனை என்னிடம் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல முதல் டோக்கன் போட்டுடலாம்" என்றார். ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

கிளினிக் லீவு. நல்ல மழை.

துணி மாற்றும்போது தொப்புளுக்குக் கீழே கை பட்டது. உருண்டையாக என்னவோ. சின்னச் சாத்துக்குடி அளவு. அழுத்தினால் முகத்தைச் சுளிக்கிறான். கதிரின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

உடம்பும் லேசாகச் சுடுகிறது. மூன்றாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் இப்படிக் காய்ச்சல் வந்தது. தடுப்பூசியால் வருவது என்று சொட்டு மருந்து கொடுத்து விட்டுவிட்டோம். அப்போதே ஏதாவது சொல்ல வந்தானோ.

சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன். இருவரும் கவனிக்கவில்லை, சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 10, திங்கள்

டாக்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"தெரியாது டாக்டர்."

"முன்னாடி எப்படிப் போவான்?"

"தெரியாது டாக்டர். டயபர் போட்டிருந்தோம்."

அவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் தெரியாமல் நின்றால் நான் எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்கேன். ஸ்கேன் எடுக்கிற பெண் இனியனைக் கொஞ்சிக்கொண்டே ஜெல் தடவினாள். "என்ன தங்கம், கூசுதா?" திரையைப் பார்த்ததும் கொஞ்சல் நின்றுவிட்டது. ஏதோ அளந்தாள், மறுபடி அளந்தாள். எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது எங்களுக்குப் பாதி கேட்டது. "ரெண்டு பக்கமும்." "லெஃப்ட் ஜாஸ்தி."

என்ன என்று கதிர்தான் கேட்டார். "ரிப்போர்ட்ல இருக்கு சார். இன்னிக்கே டாக்டரைப் பாத்துடுங்க."

பார்த்தோம். நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரி, குழந்தை சர்ஜன்.

நவம்பர் 11, செவ்வாய்

குரோம்பேட்டையில் தண்ணீர், கார் நகரவில்லை. மடியில் அவன் அனத்திக்கொண்டே வந்தான்.

சர்ஜன் ஒரு பெண்மணி. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒண்ணுக்குப் போகிற குழாயில் மெல்லிய ஜவ்வு ஒன்று, கதவு மாதிரி, பிறக்கும்போதே. அது வழியை மறிக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பிப் பின்னால் சிறுநீரகத்தில் போய்த் தேங்குகிறது. நிரம்பி வழிவதுதான் அந்தச் சொட்டு. அதில் கிருமியும் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் காய்ச்சல்.

"கர்ப்பத்துல ஸ்கேன் எல்லாம் எடுத்தேனே மேடம்."

"சிலதுல தெரியும், சிலதுல தெரியாதும்மா."

"முன்னாடியே பாத்திருந்தா?"

"முன்னாடியே பாத்திருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க. இப்பப் பாத்தீங்க, இப்ப வந்தீங்க. கிட்னி எவ்வளவு தாங்கியிருக்குன்னு பிளட் டெஸ்ட் பாத்துச் சொல்றேன்."

அட்மிட். சிறுநீரை வெளியே எடுக்க மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், கதவு வழியாக அவன் குரல். திரும்பிப் போனபோது கட்டிலோரப் பையில் கலங்கலாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வயிற்றைத் தொட்டேன். சாத்துக்குடி இல்லை.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் இறங்கியது. மருந்து ஏற்றி ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜவ்வேதான், சந்தேகமில்லை. நாளை ஆபரேஷன்.

பிளட் ரிப்போர்ட்: "ரத்தத்துல கழிவு கொஞ்சம் ஏறியிருக்கு, இறங்குதான்னு பாப்போம்." இந்தப் 'பாப்போம்' என்கிற வார்த்தையை இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மத்தியானம் கஸ்தூரி வந்தாள். ரயிலேறி, விசாரித்து, மழையில் நனைந்து. பையில் துணிகள். "காயவேல்ல, அயர்ன் பண்ணி எடுத்தாந்தேன் டீச்சர்." எல்லாம் மடித்து, நாடா உள்பக்கமாக.

அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள். "சும்மா வாய வுட்டேன் டீச்சர். நான் சொன்னங்காட்டிதான் புள்ளைக்கு இப்டி ஆயிடுச்சோன்னு மனசே பேஜாரா கீது. எங்கண்ணு பட்டுச்சோ இன்னாவோ."

"நீ சொல்லலன்னா நான் இன்னும் பாத்திருக்கவே மாட்டேன் கஸ்தூரி."

நம்பினாளா என்று தெரியவில்லை. பையனின் காலை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள். முகத்தைப் பார்க்கவே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் கதிர். என்னால் முடியவில்லை. படிக்கவும் இல்லை. மயக்க மருந்து பற்றி ஒரு வரி கண்ணில் பட்டது, அதோடு போதும்.

8.30 உள்ளே எடுத்துப் போனார்கள். என் துப்பட்டாவைப் பிடித்திருந்தான், விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கதிர் எதிர்ச் சுவரில் இருந்த நோட்டீஸையே படித்துக்கொண்டிருந்தார். கை கழுவும் முறை, ஏழு படிகள். நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. ஏதாவது சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று.

9.45 சர்ஜன் வந்தார். "ஜவ்வை எடுத்தாச்சு. குழாய் ரெண்டு மூணு நாள் இருக்கட்டும். அதை எடுத்தப்புறம் அவனா போறானான்னு பாப்போம்."

நவம்பர் 17, திங்கள்

9.40 குழாயை எடுத்தார்கள். இனி அவனாகப் போக வேண்டும். போகவில்லையென்றால் மறுபடி குழாய்.

சிஸ்டர் ஒரு டயபரும் தராசும் கொண்டு வந்தார். "இதைப் போடுங்கம்மா, எவ்வளவு போறான்னு எடை பாத்து எழுதணும்."

"சிஸ்டர், துணியிலயே எடை போடலாமா? காஞ்ச துணியை முதல்ல போட்டுட்டு…"

"ஏம்மா, டயபர்னா ஈஸியாச்சே."

"எனக்குப் பாக்கணும் சிஸ்டர்."

என் முகத்தைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்துத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டார்.

10.15 இல்லை
10.50 இல்லை
11.20 நாலைந்து சொட்டு. அதே சொட்டு. கதிர் டீ குடிக்கப் போனவர் குடிக்காமல் திரும்பி வந்தார்.

11.48. பையன் உதைத்ததில் நாடா அவிழ்ந்துவிட்டது. கட்டுவதற்குக் கதிர் குனிந்தார். நேராக அவர் கண்ணாடியில் அடித்தது. ஒரு கோடு மாதிரி, வளைந்து. கண்ணாடி, மூக்கு, சட்டை. அவர் நகரவில்லை. நகர்ந்தால் நின்றுவிடுமோ என்று பயந்தவர் போல வாயை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே குனிந்திருந்தார். நான் எண்ணினேன். ஒன்பது வரை.

"ஐயோ, எடை போட ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே!" என்றார் சிஸ்டர். அட்டையில் எடைக்கான கட்டத்தில் 'அப்பா சட்டை' என்று எழுதினார். கதிர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். நானும்.

1.30 சர்ஜன். இரத்தத்தில் ஏறியிருந்தது இறங்குகிறது. வலது பக்கச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இடது பக்கம் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், சில வருஷம். சொல்ல முடியாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

2.05 மறுபடி போனான். இந்த முறை துணியில். சிஸ்டரிடம் கொடுக்க எடுத்தேன். கையில் நல்ல கனம்.